இருபது வருஷக் குறிப்பும் புது மென்பொருளும் – வாசகர் கேள்வி, பதில்

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புதிது புதிதாக வந்து இறங்கும் கணினிக் கருவிகளால் உங்களுக்கு என்ன சிக்கல் என்று போன இதழில் ஆசிரியர்களைக் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய, இரவு பதினொரு மணிக்கு மேல் அனுப்பியவை. அந்த நேரத்தைப் பார்த்ததுமே மனசு கஷ்டப்பட்டது. பகலில் இவர்களுக்கு ஒரு கடிதம் எழுதக்கூட நேரமில்லை. நானும் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள், கடைசி ஏழெட்டு வருஷம் சக ஆசிரியர்களுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிற வேலையும் என்னிடமே இருந்தது. அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், தமிழ்த்துறையில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன், வயது 56. இருபது வருஷமாக அடித்து வைத்த பாடக்குறிப்புகள் எல்லாம் பாமினி, வானவில் அவ்வையார் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றினால் மாணவர்கள் போனில் கிறுக்கலாகத் தெரிகிறது. "சார், இது என்ன பாஷை?" என்று ஒரு பையன் வகுப்பிலேயே கேட்டுவிட்டான். அத்தனையையும் மறுபடி அடிக்க வேண்டுமா?
– பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்

வேண்டாம் சார், ஒரு பக்கம்கூட மறுபடி அடிக்க வேண்டாம்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், தெரிந்தால் பயம் போய்விடும். பாமினியில் 'வணக்கம்' என்று நீங்கள் அடித்தபோது கணினிக்குள் போனது டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்ற ஏழு ஆங்கிலக் குறிகள். டி வருகிற இடத்தில் 'வ' படத்தைக் காட்டு, இசட் வந்தால் 'ண' காட்டு என்று எழுத்துரு சொல்லிக்கொண்டிருந்ததால் உங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தது. பையனின் போனில் பாமினி இல்லை. அதனால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தை அப்படியே காட்டிவிடுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'வ'வுக்கென்றே ஓர் எண் இருக்கிறது, எந்தப் போனில் திறந்தாலும் அது 'வ'தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் எத்தனையோ துறைக் கணினிகளில் பழைய எழுத்துருதான் இன்னும் குடியிருக்கிறது.

நாளைக்கே வகுப்புக்கு வேண்டும் என்றால் கோப்பை உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி ஏற்றிவிடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து போகும், எல்லாப் போனிலும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பழையபடி கிறுக்கல்தான். அதனால் இது அவசரத்துக்கு மட்டும்.

நிரந்தரமாகச் செய்ய எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, என்ஹெச்எம் கன்வெர்ட்டர் அதில் ஒன்று. பாமினிக்கும் வானவில்லுக்கும் உள்ளே இருக்கிற குறியீடு வேறு வேறு, எந்தக் கோப்பு எதில் இருக்கிறது என்று முதலில் தனித்தனி ஃபோல்டரில் பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கண்ணால் ஒரு தடவை படித்தே ஆக வேண்டும். குறிப்புக்கு நடுவில் ஓர் ஆங்கிலப் பெயர் போட்டிருந்தீர்கள் என்றால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றி வைத்திருக்கும். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் ஒருவருக்கு உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தபோது, ஒரு திறனாய்வாளரின் ஆங்கிலப் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் கூட்டம் நின்றது. நாற்பது பக்கத்தில் அது மட்டும்தான் பிழை. வாரம் ஒரு அலகு என்று வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டரில் ஒரு தாளை முடித்துவிடலாம். அச்சுப் பிரதி மட்டும்தான் இருக்கிறது, கோப்பு தொலைந்துவிட்டது என்றால் அதை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டு, டாக்ஸில் திறந்து பாருங்கள், படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். அதில் பிழை கொஞ்சம் கூடுதலாக வரும்.

தட்டச்சுக்கு வருவோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை நல்லது, 'க'வை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்து 'க்க' ஆக்கிவிடும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனால் உங்கள் விரல் இருபது வருஷமாகப் பாமினியில் பழகியது. அதை ஏன் மாற்ற வேண்டும்? என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசைப்பலகையையே வைத்துக்கொண்டு யூனிகோடில் எழுதலாம். விரல் பழையது, வெளியே வருகிற எழுத்து புதியது. 2017-லிருந்து கூகுளில் தமிழில் பேசியே எழுதவும் முடிகிறது, உரைநடைக்கு நன்றாக வரும், செய்யுளுக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் அந்தப் பையன். நிறையப் பேர் கருவிகளிடமிருந்து ஒதுங்குவது கருவிக்குப் பயந்து இல்லை, மாணவர்கள் முன்னால் தெரியாமல் நிற்க வேண்டியிருக்குமே என்றுதான். கணினித் தமிழ் பல இடங்களில் பாடமாகவே இருக்கிறது. 'வணக்கம்' கதையை அடுத்த வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், கேட்ட பையனையே கூப்பிட்டு ஒரு கோப்பை மாற்றச் சொல்லுங்கள். நல்ல கேள்விதானே கேட்டிருக்கிறான்.

மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கு "மேம், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" என்று வருகிறது. வெளியேறினால் தப்பாக நினைப்பார்களா?
– உதவிப் பேராசிரியை, நாமக்கல்

வெளியேற வேண்டாம். அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி குழுவை மாற்றிவிடுங்கள், சந்தேகங்களுக்குக் கிளாஸ்ரூமில் இடம் கொடுங்கள், மாலை ஆறு மணிக்குள் வந்ததற்கு அன்றைக்கே பதில், மற்றதற்கு மறுநாள் காலை என்று வகுப்பில் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், பழகிவிடும். உங்கள் புகைப்படத்தையும் 'லாஸ்ட் சீன்' நேரத்தையும் கான்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், இதை எல்லாப் பெண் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டு அசைன்மென்ட்களை ஏஐ கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். பதினான்கு பேருக்கு 70 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. பூஜ்யம் போடலாமா? ஹெச்ஓடி (துறைத் தலைவர்) போடச் சொல்கிறார்.
– மின்பொறியியல் ஆசிரியர், செங்கல்பட்டு

அந்த எண்ணை மட்டும் வைத்துப் போடக் கூடாது. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தப்பாகவும் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செய்தவர்களுக்கே முடியவில்லை.

நம் ஊருக்கு இன்னும் முக்கியமானது, அதே 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று அவை முத்திரை குத்தின. காரணம் எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்று எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறதோ, அந்த அளவுக்கு அது ஏஐ என்று இந்தக் கருவிகள் நினைக்கின்றன. குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, பழகிய வாக்கியங்களிலேயே எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள் அப்படித்தானே எழுதுவார்கள்?

நான் பார்த்ததையே சொல்கிறேன். ஒரு மாணவியின் அறிக்கையை இந்த மாதிரி மென்பொருளில் போட்டபோது முதல் இரண்டு பத்தி முழுக்கச் சிவப்பாக வந்தது. அறைக்குக் கூப்பிட்டு, "இதை எங்கேயிருந்தும்மா எடுத்தே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரண்டு பத்தியையும் அரைப்புள்ளி முற்றுப்புள்ளி விடாமல் ஒப்பித்தாள். பள்ளியில் கைடிலிருந்து மனப்பாடம் செய்தது. அவளுக்குச் சொந்தமாக எழுதச் சொல்லித்தர வேண்டியிருந்தது, அது வேறு வேலை, ஆனால் அவள் ஏமாற்றவில்லை. நான் பூஜ்யம் போட்டிருந்தால் அந்தப் பெண் என்னை என்னவென்று நினைத்திருப்பாள் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எழுத்துத் திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்த 2018 விதிகளில் 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்று வருகிறதே, அது ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப் போகிற அளவு. எந்த வரி எங்கேயிருந்து வந்தது என்று அங்கே ஆதாரம் காட்டலாம். ஏஐ சதவீதத்துக்கு அப்படி எந்த ஆதாரமும் கிடையாது, அது ஓர் ஊகம் மட்டும். ஹெச்ஓடியிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பதினான்கு பேரையும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கூப்பிட்டு, அவர்கள் எழுதியதிலிருந்தே மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியவன் யார், ஒட்டியவன் யார் என்று இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அடுத்த முறை கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லுங்கள், வெர்ஷன் ஹிஸ்டரியில் கட்டுரை எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம், இரண்டே நிமிடத்தில் மொத்தமாக வந்து விழுந்திருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். கேள்வியையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஃபேன், மிக்ஸி, மோட்டார் ஒவ்வொன்றும் எத்தனை யூனிட் இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, பில்லோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். அதை எழுத ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் மீட்டர் பெட்டிக்குப் போய் நிற்க வேண்டியவன் அவன்தான்.

முப்பது வருஷமாகச் சாக்பீஸில் கணக்கு நடத்துகிறேன். இப்போது எல்லா வகுப்புக்கும் பிபிடி கட்டாயம் என்கிறார்கள். ஸ்லைடில் நிரூபணத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எனக்கே திருப்தி இல்லை. நான்தான் பழைய காலத்து ஆளா?
– கணிதப் பேராசிரியை, தஞ்சாவூர்

உங்கள் திருப்தியின்மை சரியானது மேடம், அதற்கு ஆதாரமே இருக்கிறது. எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. கையால் எழுதிக்கொண்டே விளக்குகிற வீடியோக்களை, ஸ்லைடு ஓடுகிற வீடியோக்களைவிட மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்த்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களைத்தான் பெரும்பாலும் முழுசாகப் பார்த்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

கணக்கில் அடுத்த வரி எப்படிப் பிறக்கிறது என்பதுதான் பாடம். ஸ்லைடில் அது பிறந்து முடிந்தே வருகிறது. உங்கள் கை 'எனவே' என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்கிறதே, அந்த இடத்தில்தான் பையன் யோசிக்கிறான்.

அதனால் எழுதுவதை விடாதீர்கள், எழுதுகிற இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்மார்ட் போர்டு இருந்தால் அதில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பேனாவால் எழுதுங்கள், வகுப்பு முடிந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பிவிடலாம், வராத பையனுக்கும் போய்ச் சேரும். ஸ்லைடு கட்டாயம் என்றால் தேற்றத்தின் கூற்றும் படமும் மட்டும் ஸ்லைடில் இருக்கட்டும், நிரூபணம் பலகையில். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது எங்கள் துறையில் யாரிடமும் எழுதுகிற டேப்லெட் இல்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை நிறுத்தி, குறுக்கே ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் மூடியை வைத்து, அதன் மேல் போனைக் கேமரா கீழே பார்க்கிற மாதிரி படுக்க வைத்து, கீழே ஏ4 தாளில் எழுதி வகுப்பு எடுத்தோம். கைநிழல் விழாமல் இருக்க விளக்கை இடது பக்கம் வைக்க வேண்டும் என்பதை மூன்றாவது நாள் கண்டுபிடித்தோம். அந்த வருஷ மாணவர்கள் இன்றைக்கும் அந்தத் தாள்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அட்டெண்டன்ஸை ரிஜிஸ்டரில் எழுதி, இஆர்பியில் (கல்லூரி நிர்வாக மென்பொருள்) ஏற்றி, மாதக் கடைசியில் எக்ஸெல்லிலும் கொடுக்க வேண்டும். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கான வேலைக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும், எடுத்த இடம் பதிவாகிற ஜியோடேக் போட்டோ. வருஷத்துக்கு ஒரு புது மென்பொருள், அரை நாள் பயிற்சி, மறுநாளே "ஏன் ஏற்றவில்லை?" என்று மெமோ. எப்போது பாடம் தயார் செய்வது?
– வணிகவியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கிறது.

பெங்களூரில் 1994-ல் தொடங்கிய நாக், தன் மதிப்பீட்டில் பெரும்பகுதியை 2017-லிருந்து இணையவழித் தரவுக்கு மாற்றியது. ஏழு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் ஆதாரக் கோப்பு. அது போக உயர்கல்விக்கான ஏஐஎஸ்ஹெச்இ கணக்கெடுப்பு, கல்வி நிறுவனங்களுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசை. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விவரத்தைக் கொஞ்சம் மாறிய கட்டத்தில் கேட்கின்றன. கேட்பதில் தப்பில்லை. ஒரே எண்ணை ஆசிரியரே ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரப்புகிற மாதிரி கல்லூரி வைத்துக்கொள்வதுதான் தப்பு.

ஒரு மென்பொருளை மனிதர்கள் ஏற்பார்களா என்று ஃபிரெட் டேவிஸ் என்பவர் 1989-ல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இது எனக்கு உபயோகமா, இது எனக்குச் சுலபமா, இந்த இரண்டு எண்ணமும்தான் தீர்மானிக்கும் என்றார். உங்கள் இஆர்பியால் அலுவலகத்துக்கு உபயோகம், உங்களுக்கு வேலை மட்டும்தான் மிச்சம். இதை 'ஆசிரியர்கள் மாற்றத்தை எதிர்க்கிறார்கள்' என்று மேடையில் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஜூமை ஒரே வாரத்தில் படித்தவர்கள் இதே ஆசிரியர்கள்தான், அன்றைக்கு வகுப்பு நடக்க அது தேவைப்பட்டது.

நாங்கள் ஒன்று செய்தோம். துறையில் ஒன்பது பேரும் இரண்டு வாரம், எந்தப் பதிவுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று டைரியில் குறித்தோம். புகாராக எழுதவில்லை, வெறும் பட்டியல். வருகைப் பதிவு ஒன்றே நான்கு இடத்தில் போவது அதில் பளிச்சென்று தெரிந்தது. அதைக் கல்லூரியின் தர உறுதிக் குழுவான ஐக்யூஏசி கூட்டத்தில் வைத்து, இஆர்பியிலிருந்தே மாத அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், எக்ஸெல் கேட்காதீர்கள் என்று மட்டும் கேட்டோம். பிரின்சிபால் அன்றைக்கே ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. ஜியோடேக் போட்டோவுக்கு ஒவ்வொருவரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், துறைக்கு ஒரு பொதுப் படிவத்தை கூகுள் ஃபார்ம்ஸில் வைத்து, நிகழ்ச்சி முடிந்த இடத்திலேயே தேதி, எண்ணிக்கை, போட்டோ மூன்றையும் ஏற்றிவிட்டால் வருஷக் கடைசியில் நாக் அமைப்புக்கான ஆண்டுத் தர அறிக்கையை (ஏகியூஏஆர்) எழுதும்போது அந்த ஒரே ஷீட்டிலிருந்து எடுக்கலாம்.

அரை நாள் பயிற்சி பற்றி. அரங்கில் நூறு பேரை உட்கார வைத்து ஒருவர் திரையில் க்ளிக் செய்து காட்டுவதால் யாருக்கும் எதுவும் வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும், உங்கள் சொந்த மார்க் பட்டியலை வைத்தே ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். துறைக்கு ஒருவர் வாரத்தில் ஒரு மணி நேரம் அப்படி உட்கார, அவருடைய டைம்டேபிளில் அந்த ஹவரைக் குறையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நேரம் ஒதுக்காமல் கொடுக்கிற எந்தக் கருவியும் ஆசிரியரின் தூக்கத்திலிருந்துதான் நேரத்தை எடுக்கும்.

அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர், அடுத்த வருஷம் ஓய்வு. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இன்டர்னல் மார்க் ஏற்ற வேண்டிய வாரம் வந்தால் தினமும் போன். சில நாள் எரிச்சலில் "விடுங்கப்பா, பாஸ்வேர்டைக் கொடுங்க, நானே போட்டுடறேன்" என்று சொல்லிவிடுகிறேன். பிறகு வருத்தமாக இருக்கிறது.
– மகள்

வருத்தப்படுகிறீர்களே, அதனால்தான் எழுதுகிறேன் கண்ணா. பாஸ்வேர்டு வாங்காதீர்கள். மாணவர்களின் மார்க் அவர் பொறுப்பு, ஓர் எண் தவறிப்போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மவுஸ் அப்பா கையிலேயே இருக்கட்டும். அவர் தப்பான இடத்துக்குப் போனாலும் பத்து வரை எண்ணிவிட்டு, "மேலே வலது மூலையில் பாருங்கப்பா" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு படியையும் அவர் கையெழுத்தில், அவர் பாஷையில், ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 'பச்சை பட்டன், அப்புறம் சேவ், அப்புறம் ஓடிபி' என்று அவர் எழுதியதுதான் அவருக்குப் புரியும், நீங்கள் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட் புரியாது. நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டு, நோட்டை மட்டும் பார்த்து அவரே ஒரு தடவை செய்யட்டும்.

இன்னொரு பக்கத்தையும் அதே நோட்டில் இப்போதே தொடங்கி வையுங்கள். ஓய்வூதியம் வாங்க வருஷா வருஷம் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும், 2014-லிருந்து அதை ஜீவன் பிரமாண் என்ற அரசு சேவை மூலம் இணையத்திலேயே கொடுக்கலாம், இப்போது போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். ஓய்வு பெற்றவர்களைக் குறிவைத்து "சான்று புதுப்பிக்கணும், ஓடிபி சொல்லுங்க சார்" என்று மோசடிப் போன்களும் வருகின்றன. யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று அந்தப் பக்கத்தின் மேலே சிவப்பு மையில் அப்பா கையாலேயே எழுதட்டும்.